புளிக்குழம்புக்கு முப்பது நாள் வாய்ப்பூட்டு

மே 3, ஞாயிறு

என் வாயைப் பூட்டிவிட்டார்கள். முப்பது நாள். காலை ஏழு இருபதுக்கு, பாதி காபியில் இருந்தபோது, திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: ‘புளிக்குழம்பு அவர்களுக்கு வாய்ப்பூட்டு. ஜூன் 2 வரை படிக்கலாம், எழுத முடியாது.’

புளிக்குழம்பு நான்தான். அம்மா அப்பா வைத்த பெயர் செண்பகராமன். ஐம்பத்தேழு வயது, பாளையங்கோட்டை, ஒரு பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் சரிபார்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளர். ஆனால் அந்தப் பெயரில் என்னை யாருக்குத் தெரியும்? பதினெட்டு வருடமாக ‘முச்சந்தி’ இணையக் களத்தில் நான் புளிக்குழம்பு. அரசியல், அறிவியல், சினிமா என்று மூன்று தெரு சேருகிற இடம் என்பதால் முச்சந்தி. மூன்று தெருவிலும் நான்தான் நாட்டாமை. நாற்பத்தோராயிரம் பதிவு போட்டிருக்கிறேன், சும்மா இல்லை.

களத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. யாரும் யாருடைய நிஜப்பெயரையும் ஊரையும் கேட்கக் கூடாது, ஆதாரத்துக்குத் தவிர தன்னுடையதைச் சொல்லவும் கூடாது. எதைச் சொன்னாலும் ஆதாரம் வைக்க வேண்டும். வைக்காத பதிவைத் தூக்கி ‘டீக்கடை’ என்ற மூலையில் போட்டுவிடுவார்கள், அங்கே போனதை எவனும் மதிக்க மாட்டான். யாரையாவது புண்படுத்தினால் வாய்ப்பூட்டு. சாவி, புண்பட்டவர் கையில். அவர் மனசு வைத்தால் நடுவிலேயே திறந்துவிடலாம். இதையெல்லாம் போட்டவர் மூக்கையா. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு களத்தை நடத்துகிறார். பெரிய மனுநீதிச் சோழன் என்று நினைப்பு.

என் சாவி கத்திரிவெயில் கையில். கத்திரிவெயில் என்னுடைய பரம எதிரி. ரெண்டு நாளில் திறந்துவிடுவார். நான் இல்லாமல் அவர் யாரோடு சண்டை போடுவார்?

நான் என்ன பெரிய குற்றம் செய்துவிட்டேன்? ஒரே ஒரு வரி எழுதினேன். அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எழுதாமல் கை அரிக்கிறது, அதனால்தான் அலுவலகத்தில் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன்.

மே 4, திங்கள்

இன்று களத்தில் பதினான்கு தப்பு. ஒன்றையும் திருத்த முடியவில்லை.

மே 6, புதன்

‘டாக்டர் அல்ல’ என்று களத்தில் ஒரு பிரகஸ்பதி இருக்கிறார். பெயரில் அல்ல என்று போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்வார். இன்று அறிவியல் தெருவில் எழுதியிருக்கிறார்: மே மாதத்தில் பூமி சூரியனுக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது, அதனால்தான் இந்த வெயில். பதினோரு பேர் கைதட்டியிருக்கிறார்கள். பதினோரு பேர்! ஒருத்தன் ஆதாரம் கேட்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது.

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று அடுப்படிக்குப் போனேன். என் மனைவி கோமு கூழ் வத்தலுக்கு மாவு கிண்டிக்கொண்டிருந்தாள்.

“கோமு, பூமி சூரியனுக்குப் பக்கத்துல வாரது சனவரியில. உனக்குத் தெரியுமா?”

“அப்ப சனவரியிலயே வத்தல் போட்டிருக்கலாம்லா. என்னத்துக்கு என்னைய இந்த வெயில்ல போட்டு வதைக்கீங்க? மாடிக்குப் போயி காக்கா வெரட்டுங்க.”

மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூமியின் அச்சு இருபத்துமூன்றரை டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம் என்று ஒரு காக்கைக்கு விளக்கினேன். அது எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ரெண்டு வத்தலைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

கத்திரிவெயில் இன்னும் திறக்கவில்லை.

மே 9, சனி

முச்சந்தியை மூடப் போகிறார்களாம்.

மூக்கையா அறிவிப்புப் போட்டிருக்கிறார். சர்வர் பழசாகிவிட்டது, அவருக்கும் கண் ஆபரேஷன், இனி முடியாது. மே 31, மாலை ஆறு மணிக்குக் களம் மூடப்படும். பழைய பதிவுகளும் போய்விடும். வாட்ஸ்அப்புக்குப் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். அதற்கு போன் நம்பர் கொடுக்க வேண்டும், நம்பர் கொடுத்தால் பெயர் தெரியும், பெயர் தெரிந்தால் சாதி தெரியும், பிறகு என்ன வாதம் நடக்கும் என்று மூக்கையா கேட்டார். அந்த ஆள் சொல்வதில் நியாயம் இருப்பதுதான் எரிச்சல்.

என் பூட்டு தானாகத் திறப்பது ஜூன் 2. களம் மூடுவது மே 31. மூன்று தடவை விரல் விட்டு எண்ணினேன். கத்திரிவெயில் சாவி கொடுக்காவிட்டால் நான் இனி அங்கே ஒரு எழுத்துகூட எழுத முடியாது.

கோமு கேட்டாள், “முகம் ஏன் இப்படிக் கெடக்கு?”

“ஒண்ணுமில்ல, வெயிலு” என்றேன்.

மே 10, ஞாயிறு

பிரிவுபசாரத்துக்கென்று தனி உரையாடல் இழை ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருத்தர்மேல் ஒருத்தர் பாசமழை. போன மாதம்வரை ‘உன் மூளையை ரேஷன் கடையில் வாங்கினாயா’ என்று கேட்டவர்கள்தான். டாக்டர் அல்ல எழுதியிருக்கிறார்: ‘புளிக்குழம்பு மட்டும் இப்ப இருந்திருந்தா இந்த இழையில இதுக்குள்ள நாலு பேர் அழுதிருப்போம்.’ அதற்கு முப்பத்தாறு கைதட்டு. என் சொந்தப் பதிவு ஒன்றுக்குக்கூட முப்பத்தாறு கிடைத்ததில்லை.

கத்திரிவெயில் அங்கேயும் எழுதவில்லை. மூன்றாம் தேதியிலிருந்து எந்தத் தெருவிலும் அவர் இல்லை.

மே 11, திங்கள்

கத்திரிவெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு இலவசப் பேருந்து வேண்டும் என்பார் அவர், நான் கணக்கு எங்கே என்பேன். சினிமாவில் இடைவேளையை ஒழிக்க வேண்டும் என்பேன் நான், முறுக்கு விற்கிறவன் என்ன செய்வான் என்பார் அவர். இடிமின்னலில் போன் பேசலாமா என்று இருபத்தோரு நாள் சண்டை போட்டோம். பதினெட்டு வருடத்தில் நான் அவரிடம் ஒருதடவைகூடத் தோற்றதில்லை. அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கடைசிச் சண்டை பாம்புக்கடி பற்றியது. நான் எழுதியது இதுதான்: அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாம்புக்கடி மருந்து எப்போதும் இருப்பில் உண்டு. மந்திரிக்கப் போய் நேரத்தை வீணடிக்கிறவர்கள்தான் சாகிறார்கள். அரசு அறிக்கை ஒன்றையும் கூடவே வைத்தேன். எல்லாம் முறைப்படிதான்.

கத்திரிவெயில் பதில் போட்டார்: ‘என் வீட்டில் நடந்தது. மந்திரிக்கப் போகவில்லை. கால்மணியில் சுகாதார நிலையம் போனோம். மருந்து இல்லை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.’

நான் ஆதாரம் கேட்டேன். அது களத்தின் சட்டம். நான் உண்டாக்கியது இல்லை. அவரும் வைத்தார். அதற்கப்புறம்தான் நான் அந்த வரியை எழுதினேன்.

மே 13, புதன்

கோமு என் போனை வாங்கிப் பார்த்துவிட்டாள். “பத்து நாளா பேயடிச்ச மாதிரி அலையுதீங்க, அப்படி என்னதான் எழுதித் தொலைச்சீங்க?” என்றாள். காட்டினேன். படித்தாள். போனைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு வத்தலைத் திருப்பிப் போட மாடிக்குப் போய்விட்டாள். வத்தலை நேற்றே திருப்பிப் போட்டாயிற்று.

ராத்திரி தோசைக்குச் சட்னி இல்லை. இன்று வெயில் நூற்றிநாலு டிகிரி, அவளுக்கு அசதியாக இருந்திருக்கும்.

மே 14, வியாழன்

பழைய பதிவுகளைப் புரட்டினேன். ஏழு வருடத்துக்கு முன்பு அக்டோபர் 11ஆம் தேதி, பேய்ப்படங்களில் பேய்க்கு ஏன் வெள்ளைச் சேலை என்று ஒரு சண்டை. கத்திரிவெயிலின் கடைசிப் பதிவு, ‘நாளைக்கு வந்து கிழிக்கிறேன் உங்களை.’ மறுநாள் வரவில்லை. ஜனவரிவரை வரவில்லை.

நான் தினமும் போட்டிருக்கிறேன். ‘தோத்தவர் ஓடிட்டார்.’ ‘வெயில் மறைஞ்சு போச்சு, குடை தேவையில்லை.’ ‘பேய் புடிச்சிருச்சா வெயிலாரே?’ மொத்தம் பத்தொன்பது பதிவு. அப்போது எனக்கு ஏகப்பட்ட கைதட்டு. ஜனவரியில் அவர் திரும்பி வந்து ஒரே வரி எழுதியிருக்கிறார்: ‘வெள்ளைச் சேலை இருட்டில் தெரியும், அதான். அடுத்த தலைப்புக்குப் போவோம்.’

நான் அதற்கும் ஆதாரம் கேட்டிருக்கிறேன்.

மே 16, சனி

சரி. எழுதித் தொலைக்கிறேன். இங்கேயாவது எழுதாவிட்டால் இந்த டைரி எதற்கு?

கத்திரிவெயில் ஆதாரமாக வைத்தது இறப்புச் சான்றிதழ். பெயர் தமயந்தி, வயது முப்பத்தொன்பது. கணவர் பெயர் அருள்ராஜ். ஊர் கருவேலங்குறிச்சி. இறந்த தேதி ஏழு வருடத்துக்கு முந்தைய அக்டோபர் 12. பதினெட்டு வருடம் மறைத்து வைத்திருந்த பெயரையும் ஊரையும் அவர் எனக்காகக் களத்தின் நடுவில் வைத்தார்.

நான் எழுதிய வரி: ‘முத்திரை தெளிவாக இல்லை. வேறு பிரதி இருக்கிறதா?’

இருபத்தாறு வருடம் சான்றிதழ் பார்க்கிற வேலை. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கண் முதலில் வலது மூலை முத்திரைக்குத்தான் போகும். பெயரை அப்புறம்தான் படிப்பேன். அன்றும் அப்படித்தான். வரியைத் தட்டி அனுப்பிய பிறகுதான் ‘இறப்பு’ என்ற சொல்லையே பார்த்தேன். அழித்திருக்கலாம். அழிக்க ஐந்து நிமிடம் அவகாசம் உண்டு. அவர் பதில் என்ன சொல்லப் போகிறார் பார்ப்போம் என்று காபி போடப் போனேன்.

வெட்கமாக இருக்கிறது. மூக்கையா முப்பது நாள் கொடுத்தது குறைச்சல்தான்.

மே 18, திங்கள்

வழி கண்டுபிடித்துவிட்டேன். மன்னிப்பு என்று வெறுமனே கேட்டால் அது ஆதாரம் இல்லாத பதிவு, டீக்கடைக்குப் போக வேண்டியது. அன்று அந்தச் சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை என்பதற்கு நானே ஆதாரம் தேடி எடுத்து, ‘ஐயா, நீங்கள் ஜெயித்தீர்கள்’ என்று அவர் கையில் கொடுப்பேன். பூட்டைத் திறந்தால் களத்தில். திறக்காவிட்டால் நேரே கருவேலங்குறிச்சிக்கே போவேன்.

கோமுவிடம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தாள்.

“செத்துப்போன பொம்பள பேருக்குக் கீழ இருந்து அட்ரஸை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டு வாசல்ல போயி நிக்கப் போறீங்களாக்கும்? வெளங்கிரும்.”

சரி, ஊருக்குப் போவதில்லை. ஆனால் ஆதாரத்தை விடுவதாக இல்லை. எங்கள் பிரிவு உதவியாளர் தளவாயின் மச்சான் அந்த வட்டாரத்தில்தான் மருந்தாளுநர். தளவாயைத் தேநீருக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, ஒரு சாரின்னு சொல்லதுக்கு ஏழு வருசத்துப் பதிவேட்டைப் பொரட்டணுமா? நீங்க ஒரு தனிப் பிறவி பாத்துக்கிடுங்க” என்றான். ஆனாலும் கேட்டுச் சொல்கிறேன் என்றான். யார் பெயரும் வெளியே வரக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

மே 21, வியாழன்

கத்திரிவெயில் எழுதிவிட்டார்! சினிமா தெருவில், இடைவேளை பற்றி ஒரு வரி. ‘இடைவேளை இருக்கட்டும். படம் பிடிக்கலைன்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போகவாவது ஒரு சாக்கு வேணும்ல.’

நான் பதில் யோசித்தேன். அருமையான பதில். இருப்பதிலேயே நல்ல பதில். போட முடியவில்லை.

சாவியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மே 23, சனி

தளவாய் ஜெராக்ஸை மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவந்தான். அந்தச் சுகாதார நிலையத்து மருந்து இருப்புப் பதிவேட்டின் அக்டோபர் பக்கம். 12ஆம் தேதிக்கு நேரே, பாம்புக்கடி மருந்து, இருப்பு இருபது குப்பி.

இருபது குப்பி இருந்திருக்கிறது.

இந்த டைரியில் பொய் எழுதக் கூடாது என்று பதினாறாம் தேதி முடிவெடுத்தேன், அதனால் எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. நான் சொன்னது சரி, அரசு மருந்து இருந்தது, பதினெட்டு வருடக் கணக்கு அப்படியே நிற்கிறது. ராத்திரி ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். சட்னி இருந்தது.

மே 24, ஞாயிறு

“நேத்திலேருந்து தன்னால சிரிக்கீங்க, என்ன விசயம்?” என்று கோமு கேட்டாள். ஜெராக்ஸைக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“நோட்டுல எழுதியிருந்தா இருந்ததா அர்த்தமா?”

“அரசாங்கப் பதிவேடு கோமு. கையெழுத்துப் போட்டிருக்கு.”

அவள் தன் போனை எடுத்து ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினாள். எங்கள் குடும்ப அட்டைக்குப் போன மாதம் பாமாயில் ஒரு லிட்டர் வழங்கப்பட்டது என்று இருந்தது.

“இதுவும் அரசாங்கம் அனுப்புனதுதான். அந்த எண்ணெயில ஒரு அப்பளம் பொரிச்சுக் காட்டுங்க பாப்போம்.”

ரேஷன் கடையும் மருந்தும் ஒன்றா என்று கத்தினேன். தர்க்கப்படி அது ஒப்புமைப் பிழை என்றேன். “சவத்தைத் தள்ளுங்க” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள். நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மே 26, செவ்வாய்

அலுவலகத்தில் இன்று முன்னூற்றுப் பத்து சான்றிதழ். ரெண்டு போலி. ரெண்டிலும் முத்திரை அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. எப்போதும் அப்படித்தான். நிஜச் சான்றிதழில் முத்திரை அரைகுறையாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒரு நாளைக்கு நானூறு காகிதத்தில் அலுப்போடு குத்துகிற கை அது. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கிற பாடமே இதுதான்.

இது தெரிந்த நான்தான் அவரிடம் முத்திரை தெளிவாக இல்லை என்று எழுதினேன். எனக்குத் தெரியாமல் இல்லை. அவரை ஜெயிக்க எதுவும் கிடைக்கவில்லை, கையில் அகப்பட்டதை எடுத்து அடித்தேன்.

ஜெராக்ஸ் பையிலேயே கிடக்கிறது.

மே 29, வெள்ளி

சாவி வந்துவிட்டது.

மதியம் சாப்பாட்டு வேளையில் திரையில் பச்சை எழுத்து: ‘கத்திரிவெயில் உங்கள் பூட்டைத் திறந்துவிட்டார்.’ கூடவே தனிச்செய்தி. அப்படியே எழுதிவைக்கிறேன்.

‘புளி, உங்களைப் பதினெட்டு வருசமாத் தெரியும். இந்த ஒரு மாசம் நீங்க சும்மா இருந்திருக்க மாட்டீங்க. அந்த நாளைப் பத்தி எங்கேயாவது போய்த் தோண்டியிருப்பீங்க. எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். என்ன கிடைச்சதுன்னு சொல்லுங்க. மருந்து இருந்துச்சா, இல்லையா? இல்லைன்னு நர்ஸம்மா சொன்னது என் காதுல விழுந்துச்சு. ஆனா என் மக நம்பல, மருந்து இருந்திருக்கும், நீ காதுல சரியா வாங்கலைன்னு சொல்லிட்டா. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா அம்மா பொழச்சிருப்பா, நீதான் வழியில நிறுத்திக் கொன்னுட்டேன்னு சொல்லிட்டுப் போனவ. மதுரையில இருக்கா. பேசி நாலு வருசம் ஆச்சு. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு, நான் சரியாத்தான் கேட்டேனான்னு. களத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. ஆதாரத்தோட.’

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். ‘மருந்து இல்லை, நீங்கள் சொன்னதே சரி’ என்று எழுதினால் அது பொய். அவரிடம் பொய் சொல்லி என்னால் தப்பிக்க முடியாது, ஆதாரம் கேட்பார், கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. ஜெராக்ஸை வைத்தால் இருபது குப்பி பக்கத்திலேயே இருந்தது என்று அந்த மனிதர் இனி ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார். மகள் காதுக்குப் போனால் அவ்வளவுதான்.

கோமுவிடம் செய்தியைக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “அந்தப் பேப்பரை நீங்க ஒழுங்காப் பாத்தீங்களா?”

“பாத்தேனே.”

“ஆபீசுல பாப்பீங்களே, அது மாதிரி?”

மே 30, சனி

பார்க்கவில்லை. அதுதான் உண்மை. இருபது என்ற எண்ணைப் பார்த்தேன், ஜெயித்தேன், மடித்து வைத்துவிட்டேன். அவர் கொடுத்த காகிதத்தில் முத்திரையை மட்டும் பார்த்தேன். எனக்குச் சாதகமான காகிதத்தில் முத்திரையைப் பார்க்கவே இல்லை.

காலையில் மாடிக்குப் போய் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து உட்கார்ந்தேன். மாதம் முழுக்க முப்பத்தொரு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதிய எழுத்து. சரி, சோம்பேறிகள் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். பக்கத்தின் அடியில் மருத்துவ அலுவலர் கையெழுத்து, தேதி அக்டோபர் 31. கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரை. அழகான முத்திரை. ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று.

முத்திரையில் எங்கள் பகுதியைப் பிரித்து உண்டாக்கிய புது மாவட்டத்தின் பெயர் இருந்தது.

அந்த மாவட்டம் பிறந்தது அடுத்த வருடம் நவம்பரில். அக்டோபர் 31 அன்று அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. மாவட்டம் இல்லாமல் ரப்பர் முத்திரை எங்கிருந்து வரும்? இந்தப் பக்கத்தை ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து யாரோ உட்கார்ந்து எழுதி, புது முத்திரையைக் குத்தி, பழைய தேதியைப் போட்டிருக்கிறார்கள்.

மாடியிலிருந்தே “கோமூ!” என்று கத்தினேன். காக்கைதான் வந்தது போலிருக்கிறது என்று அவள் கம்போடு ஓடி வந்தாள்.

மே 31, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்கு அறிவியல் தெருவில், அதே பாம்புக்கடி இழையில் போட்டேன். தளவாய்க்குக் கொடுத்த சத்தியப்படி பெயர்களையும் கையெழுத்தையும் மறைத்த ஜெராக்ஸ் படம். மாவட்டம் பிரித்த அரசாணையின் தேதி. கீழே இது:

‘கத்திரிவெயில் ஐயாவுக்கு. முதலில் மன்னிச்சிருங்க. அது ஆதாரம் இல்லாத வார்த்தை, டீக்கடைக்கு அனுப்பினாலும் சரி. இனி பதில். இந்தப் பதிவேடு அன்று இருபது குப்பி இருந்ததாகச் சொல்கிறது. இது அந்த அக்டோபரில் எழுதியது இல்லை. முத்திரையில் உள்ள மாவட்டம் அப்போது பிறக்கவில்லை. சரிபார்ப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருக்கிறேன். இந்தக் காகிதம் என் மேசைக்கு வந்திருந்தால் போலி என்று எழுதி அனுப்பியிருப்பேன். மருந்து இருந்த இடத்துக்கு இப்படிப் பின்னால் உட்கார்ந்து எழுத வேண்டிய அவசியம் இல்லை. நர்ஸ் சொன்னது உங்கள் காதில் சரியாகத்தான் விழுந்தது. நீங்கள் போன வழி சரியான வழி. பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போக வேண்டும், நானே அதைத்தான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர் செண்பகராமன், பாளையங்கோட்டை. யாராவது கேட்டால் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.’

நிஜப்பெயரைப் போட்டதற்கு நிரந்தரத் தடை உண்டு. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு நிரந்தரம் வேண்டுமோ கொடுத்துக்கொள்ளட்டும்.

ஐந்தே முக்கால்வரை ஒருத்தரும் எழுதவில்லை. கோமு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “என்னங்க, ஆளைக் காணும்?” என்று நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டாள்.

ஐந்து நாற்பத்தெட்டுக்கு வந்தார்.

‘படிச்சேன். நாலு தடவை படிச்சேன். மூக்கையா, இது ஆறு மணிக்கு அழிஞ்சு போயிருமா?’

‘போயிரும் வெயிலாரே.’

‘போன்ல படம் எடுத்தா முத்திரை தெளிவா விழல, அனுப்புனாலும் மக திறந்து பாக்க மாட்டா. என் நம்பரைத் தடுத்து வச்சிருக்கா. பேப்பரா கையில குடுக்கணும். எங்க ஊர்ல ஜெராக்ஸ் கடை இல்லை. பக்கத்து ஊருக்குப் போகணும், ஞாயித்துக்கிழமை வேற.’

பதினெட்டு வருடத்தில் ஒரு விதியையும் தளர்த்தாத மூக்கையா எழுதினார்: ‘போய்ட்டு வாங்க. நீங்க வந்து சொல்ற வரைக்கும் நான் மூடல.’

ஆறு மணி ஆயிற்று. ஆறே கால் ஆயிற்று. நூற்று நாற்பது பேர் உள்ளே இருந்தார்கள், ஒருத்தர்கூட வெளியே போகவில்லை. சும்மா இருக்க முடியாமல் டாக்டர் அல்ல ஆரம்பித்தார்: ‘அதுவரைக்கும் ஒரு சந்தேகம். பாம்புக்குக் காது உண்டா?’ உடனே ரெண்டு கட்சி பிரிந்தது. வெளிக்காது கிடையாது, உள்காது உண்டு, அதிர்வையும் தாழ்ந்த சத்தத்தையும் உணரும் என்று ஆதாரத்தோடு போட்டேன். மகுடி என்ன ஆச்சு என்று நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். நல்ல சண்டை. கோமு எனக்குப் பின்னாலிருந்து, “அவன் சொல்லதுக்கு நீங்க பதிலே சொல்லல” என்று எடுத்துக்கொடுத்தாள்.

ஏழு பத்துக்குக் கத்திரிவெயில் வந்தார். சண்டை அப்படியே நின்றது.

‘கடை பூட்டியிருந்துச்சு. கடைக்காரர் வீட்டுக்குப் போயி எழுப்பித் திறக்க வச்சேன். அஞ்சு காப்பி எடுத்தாச்சு. மதுரை பஸ்ல ஏறிட்டேன், சீட்டு கிடைச்சிருச்சு. நீங்க மூடிக்கோங்க.’

மூக்கையா மூடினார்.